களைப்பின் குரலும் கபீனும்

உடலுழைப்பில் ஈடுபடுவோர் யாவரும் ஒரு கட்டத்தில் 'இனி இயலாது' என்னும் குரலைத் தம்முள்ளே கேட்கின்றனர். மெய்வல்லுநர்ப் போட்டியின் கடைசிச் சுற்றில் ஓடும் மாணவனும், விடியுமுன் கடலில் வலையிழுக்கும் தொழிலாளியும், தோட்டத்தில் மண்வெட்டி பிடிக்கும் கமக்காரனும் அதனை நன்கறிவர். அக்குரல் எழுவது தசையிலா, மூளையிலா? ஒரு கோப்பை கோப்பியோ தேநீரோ அருந்தியபின் அது சிறிது அடங்குவது ஏன்? அடங்கும்போது உடலின் ஆற்றல் உண்மையிலேயே பெருகுகின்றதா, அன்றி எச்சரிக்கை மட்டும் மறைகின்றதா? இவ்வினாக்களுக்கு இன்றைய உடற்றொழிலியல் கூறும் விடைகளைத் தொகுத்து நோக்குதல் மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் ஒருங்கே பயன்தருவதாகும்.

களைப்பு உறையும் இடம்

எமது வடகரையின் வரலாறே இவ்வாராய்ச்சிக்குத் தக்க தொடக்கமாக அமைகின்றது. காங்கேசன்துறையிலிருந்து கரையோரமாகக் கிழக்கு நோக்கிச் சென்றால் மயிலிட்டி, பலாலி, தொண்டைமானாறு, வல்வெட்டித்துறை ஆகிய ஊர்கள் அடுத்தடுத்து வரும். தொண்டைமானாற்றைச் சேர்ந்த மு. நவரத்தினசாமி 1954 இல் வல்வெட்டித்துறையில் கடலில் இறங்கி, ஏறத்தாழ 27 மணி நேரம் நீந்திக் கோடிக்கரையை அடைந்தார். வல்வெட்டித்துறை ஈன்ற ஆழிக்குமரன் ஆனந்தன் 1971 இல் பாக்கு நீரிணையைக் கடந்து சென்று, மீண்டும் நீந்தியே திரும்பினார். அதற்கு 51 மணி நேரம் சென்றது. இவர்கள் கோப்பி அருந்தினரோ இல்லையோ என்பது ஈண்டு வினாவன்று. கைகளைப் பல்லாயிரம் முறை வீசிய தசைகள் அத்துணை நேரமும் எவ்வாறு பணிபுரிந்தன என்பதே வினா. தசையின் எரிபொருள் தீர்ந்தவுடன் இயக்கம் நின்றுவிடும் என்று மட்டும் கொள்வோமாயின், ஒத்த உடற்கட்டுடைய இருவருள் ஒருவர் பத்தாவது மணியில் கைவிட, மற்றவர் இருபத்தேழாவது மணியிலும் நீந்துவதை விளக்க முடியாது.

ஆதலின் அறிஞர் களைப்பினை இருவகையாகப் பிரிப்பர். தசைநார்களுக்குள்ளேயே நிகழும் மாற்றங்களால் அவற்றின் சுருங்கும் திறன் குன்றுவது ஒன்று. இதனைத் தசைக் களைப்பு என்போம். மூளையும் முண்ணாணும் தசைக்கு அனுப்பும் கட்டளைகள் தளர்வது மற்றொன்று. இது மையக் களைப்பு எனப்படும். முன்னையது வண்டியின் சில்லுத் தேய்வதைப் போன்றது. பின்னையது வண்டிக்காரன் கடிவாளத்தைத் தளர்த்துவதைப் போன்றது. வண்டி நின்றதை மட்டும் காண்போர்க்கு இவற்றுள் எது காரணமென்று விளங்காது.

இவ்வேறுபாட்டை முதலில் தெளிவாக அளக்க முற்பட்டவர்களுள் இத்தாலியின் தூரின் நகரத்து அறிஞர் அஞ்சலோ மோசோ குறிப்பிடத்தக்கவர். ஒரு விரலை மட்டும் மடக்கி நீட்டி எடையைத் திரும்பத் திரும்ப இழுக்கச் செய்து, ஒவ்வோர் இழுப்பின் உயரத்தையும் சுழலும் தாளில் வரையும் கருவியொன்றை அவர் அமைத்தார். களைப்பைப் பற்றிய அவருடைய நூல் 1891 இல் வெளிவந்தது. மாணவர்க்கு வாய்மொழித் தேர்வு நடத்திவிட்டு வந்த சக ஆசிரியர் ஒருவரின் விரல், தேர்வுக்கு முன்னர் இழுத்த அளவிற்கு எடையை இழுக்கவில்லை என்பதை மோசோ கண்டார். விரலோ அன்று ஒரு வேலையும் செய்யவில்லை, மூளையே உழைத்தது. உளத்தின் களைப்பு உடலின் வேலையைக் குறைக்கும் என்பதற்கு ஆசிரியத் தொழிலே முதற் சான்றாயிற்று!

சோதனைக்கு வந்த கபீன்

கோப்பிக் கொட்டையிலுள்ள கபீனை 1819 இல் செருமானிய இரசாயன அறிஞர் ரூங்கே பிரித்தெடுத்தார். அவருக்கு அக்கொட்டைகளைக் கொடுத்து ஆராயத் தூண்டியவர் புலவர் கோதே என்பது வியப்பூட்டும் செய்தி. தேயிலையில் வேறொரு பொருள் இருப்பதாகக் கருதி அதற்குத் தனிப்பெயரும் இட்டிருந்தனர். இரண்டும் ஒன்றே என்பது 1838 இல் உறுதியாயிற்று. இவ்வுண்மை இலங்கையின் வரலாற்றோடும் பொருந்துகின்றது. மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களை 1869 முதல் இலைநோய் பற்றியழிக்க, அவ்விடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டது. தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர் முன்னர்க் கோப்பிப் பழம் பறித்த சரிவுகளிலே பின்னர்க் கொழுந்து கொய்தனர். பயிர் மாறியது, அதனுள் அடங்கிய கபீன் மாறவில்லை.

கபீன் தசையின் வேலையைக் கூட்டுகின்றதா என்பதை முதன்முதலாகப் பிழைகளைந்து சோதித்தவர் கேம்பிரிட்ச் பல்கலைக்கழக அறிஞர் ரிவேர்சு ஆவர். இவரே நீலகிரியில் 1901, 1902 ஆகிய ஆண்டுகளில் தங்கித் தோடர் வாழ்க்கையை ஆராய்ந்து 1906 இல் நூல் வெளியிட்டவர். மனிதரை ஆராய்வோன் தான் காண விரும்புவதையே காண்பான் என்னும் ஐயம் அவருக்கு எப்போதும் உண்டு. எனவே வெபர் என்பாருடன் கூடி 1907 இல் வெளியிட்ட ஆராய்ச்சியில் அவர் ஓர் உபாயத்தைக் கையாண்டார். கபீன் கலந்த பானமும் கபீனில்லாப் பானமும் சுவையில் வேறுபாடு தெரியாவண்ணம் ஆக்கப்பட்டன. அருந்துவோன் தான் அருந்தியது எதுவென்று அறியான். இவ்வகை மறைப்பைக் கையாண்டபோது, சிறிதளவு மதுசாரம் உடல்வலிமையைக் கூட்டும் என்று முன்னையோர் கூறிய பெருமை உறுதிப்படவில்லை. கபீனின் பயனோ மறைப்பிற்குப் பின்னும் நிலைத்தது. எனவே அது வெறும் நம்பிக்கையன்று, மெய்யான விளைவே என்பது புலனாயிற்று.

மூன்று விளக்கங்கள்

பயன் உண்மையெனின் அதன் காரணம் யாது? மூன்று விளக்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன.

முதலாவது தசையைச் சார்ந்தது. நரம்பின் கட்டளை தசைநாரை அடைந்ததும், அதனுள்ளே சிறு பைகளில் அடைந்து கிடக்கும் கல்சியம் வெளிப்படும். கல்சியம் பட்டவுடன் இருவகைப் புரத இழைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிச் செல்லத் தசை சுருங்கும். தவளையின் தசையைக் கபீன் கரைசலில் இட்டால் நரம்பின் தூண்டலின்றியே கல்சியம் வெளிப்பட்டுத் தசை சுருங்குகின்றது. ஆகவே கபீன் தசையை நேரே முறுக்குகின்றது எனப் பலர் எண்ணினர். ஆனால் அதற்கு வேண்டிய கபீனின் செறிவு, சில கோப்பை கோப்பி அருந்தியவனின் குருதியிலுள்ள செறிவைவிடப் பல பத்து மடங்கு மிகுதி. அத்துணை செறிவு குருதியில் ஏறுமுன் மனிதன் நஞ்சுண்டவன் நிலையை எய்துவான். எனவே ஆய்கூடத்துத் தவளைக்குப் பொருந்துவது விளையாட்டு மைதானத்து மாணவனுக்கு அப்படியே பொருந்தாது.

இரண்டாவது எரிபொருளைச் சார்ந்தது. அமெரிக்க உடற்றொழிலியலாளர் டேவிட் கொசுட்டில் 1978 இல் பயிற்சி பெற்ற ஒன்பது துவிச்சக்கரவண்டி ஓட்டிகளைச் சோதித்தார். அவர்கள் 330 மில்லிகிராம் கபீன் அடங்கிய கோப்பியை அருந்தி ஒரு மணி நேரத்தின் பின் மிதித்தபோது ஏறத்தாழ 90 நிமிடம் தாக்குப்பிடித்தனர். கபீன் நீக்கிய கோப்பி அருந்தியபோது ஏறத்தாழ 75 நிமிடமே மிதித்தனர். கபீன் கொழுப்பை எரிக்கத் தூண்டித் தசையிலுள்ள கிளைக்கோசனைச் சேமித்து வைக்கின்றது என அவர் விளக்கினார். ஓட்டப்போட்டியாளரிடையே இவ்விளக்கம் விரைந்து பரவியது. ஆயினும் பின்வந்த சோதனைகளில் கிளைக்கோசன் எப்போதும் சேமிக்கப்படவில்லை. கிளைக்கோசன் தீர்ந்துபோவதற்கு இடமேயில்லாத சில நிமிட முயற்சிகளிலும் கபீன் பயன்தந்தது. எரிபொருளே காரணமாயின் அது பொருந்துமா?

மூன்றாவது மூளையைச் சார்ந்தது. இன்று அறிஞர் பெரிதும் ஏற்பது இதுவே. கலங்கள் தமது வேலைக்கு அடினோசீன் முப்பொசுபேற்று என்னும் பொருளைச் செலவிடுகின்றன. அது சிதைவதனால் தோன்றும் அடினோசீன், நாம் விழித்திருந்து உழைக்குந்தோறும் மூளையில் மெல்ல மெல்லச் சேர்கின்றது. நரம்புக் கலங்களின் மேலுள்ள வாங்கிகளில் அது அமர்ந்ததும் அக்கலங்களின் சுறுசுறுப்புக் குன்றுகின்றது. தூக்கமும் சோர்வும் மிகுகின்றன. கபீனின் மூலக்கூறு அடினோசீனின் உருவை ஓரளவு ஒத்தது. ஆகையால் அது அதே வாங்கியில் சென்று அமரும். ஆனால் அடினோசீனின் வேலையைச் செய்யாது. பூட்டில் நுழைந்து, திறக்காமலும் வெளிவராமலும் நிற்கும் மாற்றுச் சாவியைப் போல அது வழியை மறித்துக்கொள்கின்றது. உண்மைச் சாவி வெளியே காத்து நிற்கின்றது.

2003 இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதற்கு வலுவளித்தது. எலிகளின் மூளைக்குள்ளே மிகச் சிறிதளவு கபீனை நேரே செலுத்தியபோது அவை நெடுநேரம் ஓடின. அதே அளவை உடலின் வயிற்றுப்பகுதியில் செலுத்தியபோது அப்பயன் காணப்படவில்லை. மனிதரிடத்தும் இதற்கு இயைந்த செய்தியுண்டு. ஒரே வேலையைச் செய்யும்போது 'எவ்வளவு கடினமாக இருக்கின்றது' என வினவி எண்ணால் மதிப்பிடச் செய்யும் முறையொன்று உடற்றொழிலியலில் வழங்குகின்றது. கபீன் அருந்தியோர் அதே வேலைக்குக் குறைந்த எண்ணையே கூறுகின்றனர். தசைநோவும் குறைவாகவே தோன்றுகின்றது. வேலை குறையவில்லை, அதன் பாரம் குறைந்ததாக உணரப்படுகின்றது.

விசையும் கட்டுப்பாடும்

தசையால் வலிமையாக இழுப்பது வேறு. நினைத்தவாறு நுண்மையாக இயக்குவது வேறு. கபீன் இவ்விரண்டிற்கும் ஒரே வகையில் உதவுவதில்லை என்பதே விளையாட்டுப் பயிற்றுவோர் பலர் கவனியாத செய்தி.

விசையைப் பொறுத்தவரை நன்மை தெளிவானது. 1999 இல் கனடாவில் கல்மாரும் கபரெல்லியும் செய்த சோதனையில், உடல்நிறையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் 6 மில்லிகிராம் கபீன் பெற்றோர், தொடையின் முன்றசையைப் பாதி விசையுடன் இறுக்கி வைத்திருந்த நேரம் ஏறத்தாழ நான்கிலொரு பங்கு கூடியது. தசையை எழுப்பும் நரம்புக் கட்டளையும் சிறிது வலுத்திருந்தது. கடிவாளம் இறுகியது என்க.

நுண்மையைப் பொறுத்தவரை செய்தி வேறு. 1911 இல் அமெரிக்க அரசு ஒரு குளிர்பானக் கம்பனிக்கு எதிராக நடத்திய வழக்கில், அப்பானத்திலிருந்த கபீன் தீங்கானதா என்பது பெரும் விவாதப்பொருளாயிற்று. அதன்பொருட்டு உளவியலாளர் ஃகாரி ஃகொலிங்குவர்த்து பதினாறு பேரைப் பல வாரங்கள் சோதித்தார். விரலால் விரைந்து தட்டுதல் போன்ற வேலைகளைக் கபீன் விரைவுபடுத்தியது. ஆனால் ஒரு சிறு துளையினுள் கோலைத் தொடாமற் பிடித்துக் கை நடுங்காமையை அளந்த சோதனையில் எதிர் விளைவு கிடைத்தது. சிறிய அளவில் நடுக்கம் சிறிதே. அளவு கூடியபோது அது வெளிப்படையாயிற்று. எனவே நெடுந்தூரம் ஓடுபவனுக்கு உதவும் அளவு, குறிபார்த்துச் சுடுபவனுக்கும் வில்லேந்துபவனுக்கும் இடையூறாகலாம். வலைப்பந்தாட்டத்தில் கோலை நோக்கிப் பந்தெறியும் மாணவியும், துடுப்பாட்டத்தில் சுழற்பந்து வீசும் மாணவனும் இதனை நினைவிற் கொள்ளவேண்டும்.

ஆயினும் களைத்தபின் நிலைமை மீண்டும் மாறுகின்றது. நியூசிலாந்தின் ஓக்லாந்துப் பல்கலைக்கழகத்தார் 2016 இல் வெளியிட்ட ஆய்வு இவ்வகையில் நுட்பமானது. மூன்று மணி நேரம் துவிச்சக்கரவண்டி மிதித்தவர்களின் கால்கள் மட்டுமன்றிக் கண்களும் களைத்தன. ஒரு பொருளிலிருந்து மற்றொன்றிற்குப் பார்வையைத் தாவச்செய்யும் விழியசைவு மந்தமடைந்தது. கபீன் பெற்றபோது அவ்வாறு மந்தமடையவில்லை. காலை மிதித்த களைப்புக் கண்ணில் ஏறுவது எவ்வாறு? காலும் கண்ணும் ஒரே மூளைக்குக் கட்டுப்பட்டவை என்பதனாலன்றோ? களைப்பு தசையோடு நின்றுவிடுவதன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. இங்குக் கபீன் கட்டுப்பாட்டைக் கெடுக்கவில்லை, இழந்ததை மீட்டது. ஓய்ந்திருப்பவனின் நிலைத்த கையை நடுங்கச் செய்யும் அதே பொருள், களைத்தவனின் மந்தமான விழியை நேராக்குகின்றது.

மனத்தின் பங்கையும் மறத்தலாகாது. 2006 இல் வெளிவந்த ஓர் ஆய்வில் ஆறு துவிச்சக்கரவண்டி ஓட்டிகளிடம் கபீன் கொடுக்கின்றோம் எனக் கூறி, உண்மையில் கபீனற்ற பொருளையே கொடுத்தனர். மிகுதியான அளவைப் பெற்றோம் என்று நம்பியபோது அவர்கள் மிகுதியாக உழைத்தனர்; ஒன்றும் பெறவில்லை என்று நம்பியபோது வழக்கத்தினும் குறைவாகவே உழைத்தனர். நூறாண்டுக்கு முன் ரிவேர்சு பானத்தின் சுவையை மறைத்ததன் காரணம் இப்போது நன்கு விளங்கும். கபீனின் மெய்ப்பயனும் நம்பிக்கையின் பயனும் ஒரே கோப்பையில் கலந்தே வருகின்றன.

அளவும் காலமும்

போட்டிக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் முன்னதாக, உடல்நிறையின் கிலோகிராம் ஒன்றுக்கு 3 முதல் 6 மில்லிகிராம் வரை கபீன் கொள்வது வளர்ந்தோர்க்குப் பயன்தரும் அளவு என ஆய்வுகள் கூறும். 60 கிலோகிராம் நிறையுடையவருக்கு 3 மில்லிகிராம் வீதம் 180 மில்லிகிராம் ஆகும். திடமாக வடித்த கோப்பி இரண்டு கோப்பையில் இது அடங்கும். தேநீராயின் நான்கு கோப்பையளவில் வேண்டும். 6 மில்லிகிராமுக்கு மேற்செல்வதால் பயன் கூடுவதில்லை. நெஞ்சு படபடப்பும் கைநடுக்கமும் வயிற்றுக் குமட்டலுமே கூடும். எமது இல்லங்களில் கோப்பிக் கொட்டையுடன் மல்லியும் சுக்கும் சேர்த்து வறுத்திடிக்கும் வழக்கம் உண்டு. அக்கோப்பியில் கபீன் எவ்வளவு என்பது கலப்பு விகிதத்தைப் பொறுத்தது. ஆகையால் இவ்வெண்களை அதற்கு அப்படியே பொருத்தலாகாது. மல்லியிலும் சுக்கிலும் கபீன் இல்லை.

உடலில் ஏறிய கபீனிற் பாதி கழிய ஏறத்தாழ ஐந்து மணி நேரம் செல்லும். கருவுற்ற பெண்களிடத்து இன்னும் நெடுநேரம் தங்கும். இரவு எட்டு மணிக்கு 160 மில்லிகிராம் கொண்டவரின் உடலில் ஒரு மணிக்கு 80 மில்லிகிராமும், விடியற்காலை ஆறு மணிக்கு 40 மில்லிகிராமும் எஞ்சியிருக்கும். படுக்கைக்கு ஆறு மணி நேரம் முன்னர்க் கொண்ட 400 மில்லிகிராம் கபீனும் உறக்கத்தை ஒரு மணி நேரத்திற்கு மேல் குறைத்தது என 2013 இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. தேர்வுக்காலத்தில் இரவிரவாகக் கோப்பி அருந்திப் படிக்கும் மாணவர் இதனைக் கவனிப்பாராக. கற்றதை மூளை உறுதிப்படுத்துவது உறக்கத்திலேயாம்.

ஒலிம்பிக் நிருவாகத்தார் 1984 இல் கபீனுக்கு ஓர் எல்லை விதித்தனர். சிறுநீரின் ஒரு மில்லிலீற்றரில் 12 மைக்கிரோகிராமுக்கு மேற்படின் குற்றம் என்ற விதி பின்னர் வழங்கியது. 2004 இல் அத்தடை நீக்கப்பட்டது. நாளாந்தக் கோப்பியையும் குற்றத்தையும் பிரித்தறிவது அரிதாயிற்று. பயன்தரும் அளவோ அவ்வெல்லைக்கு மிகக் கீழேயே இருந்தது. சட்டம் விலகியதால் பொறுப்பு வீரனிடமும் பயிற்றுவோனிடமும் வந்து சேர்ந்தது.

எச்சரிக்கையின் பயன்

இதுகாறும் கூறியவற்றால் ஓர் உண்மை பெறப்படும். கபீன் உடலுக்குப் புதிதாக வலிமை எதனையும் கொடுப்பதில்லை. களைப்பின் குரலைச் சிறிது நேரம் தாழ்த்துகின்றது. எனவே அது நன்மையாவதும் தீமையாவதும், தாழ்த்தப்பட்ட குரல் கூறிய செய்தி எத்தகையது என்பதைப் பொறுத்தது. நன்கு உண்டு, உறங்கி, பயிற்சி பெற்ற ஒருவனிடத்து, உண்மையான எல்லைக்கு வெகுமுன்னரே மூளை 'நில்' என்று கூறுவதுண்டு. அங்குக் கபீன் முன்னெச்சரிக்கையைத் தளர்த்தி மறைந்திருந்த ஆற்றலை வெளிக்கொணரும். நண்பகல் வெயிலில், நீரருந்தாமல், உறக்கமின்றி ஓடுபவனிடத்து அக்குரல் கூறுவது மெய். அங்கு அதனை அடக்குதல், வீடு தீப்பற்றியபோது எழுந்த கூக்குரலைக் கேளாதிருக்கக் காதைப் பொத்திக்கொள்வதை ஒக்கும்.

காங்கேசன்துறையின் தொழில் வாழ்க்கை இவ்வேறுபாட்டை நன்கு உணர்த்தும். 1950 இல் தொடங்கி 1990 இல் போரினால் நின்றுபோன சீமெந்துத் தொழிற்சாலையில், சூளையின் தீ இரவென்று அணைவதில்லை. விழிப்பே தொழிலாளியின் பாதுகாப்பு. கடற்றொழிலாளர் இரவில் படகேறி விடியலிற் கரை சேர்கின்றனர். இத்தகையோர்க்கு வேலையின் நடுவே அருந்தும் ஒரு கோப்பைத் தேநீர் கண்ணையும் கையையும் தெளிவாக்கும் நல்ல துணை. ஆயினும் அது கடன் வாங்கிய விழிப்பாகும். வாங்கியில் இடங்கிடையாமற் காத்துநின்ற அடினோசீன், கபீன் விலகியதும் தன் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். கடனை உறக்கத்தாலன்றி வேறெதனாலும் தீர்க்க இயலாது. மறுநாளும் அதன் மறுநாளும் கோப்பியாலேயே கடனை அடைக்க முயல்பவன், வட்டியைக் கொடுக்க மீண்டும் கடன்படுபவனாவான்.

இளையோர்க்குத் தனியாக ஒன்று கூறவேண்டியுள்ளது. கடைகளில் விற்கப்படும் ஊக்கபானங்களின் 250 மில்லிலீற்றர்த் தகரமொன்றில் ஏறத்தாழ 80 மில்லிகிராம் கபீன் உண்டு. சிறிய உடலுக்கு இரண்டு தகரமே மிகையாகும். சிறுவர்க்கு இவை வேண்டியதில்லை. தூளாக விற்கப்படும் தூய கபீனோ ஒரு தேக்கரண்டியளவிலேயே உயிருக்கு இறுதி விளைக்க வல்லது. இல்ல மெய்வல்லுநர்ப் போட்டியின் வெற்றிக் கேடயம் எதுவும் அத்துணை விலைபெறாது.

ஆழிக்குமரன் ஆனந்தன் ஒற்றைக் காலில் 33 மணி நேரம் நின்று உலக சாதனை படைத்தவர். உளவுறுதியால் உடலை ஆண்டவர். அத்தகையவரே 1984 இல் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடக்க முயன்றபோது, கடலின் குளிருக்கு இரையாகி உயிர்நீத்தார். உளத்தின் உறுதி களைப்பை வெல்லும். குளிரையும் வெப்பத்தையும் வெல்லாது. உறுதிக்கே இயலாத ஒன்றைக் கோப்பை கோப்பி செய்துவிடும் என்று எதிர்பார்ப்பது பேதைமை. உடல் எழுப்பும் குரல்களுள் எது சோம்பலின் குரல், எது காவலின் குரல் எனப் பிரித்தறியப் பழகுவதே உடற்பயிற்சியின் தலையாய பயன். அவ்வறிவு வாய்த்தவனுக்குக் கபீன் ஓர் எளிய கருவி. வாய்க்காதவனுக்கோ காவற்காரனை உறங்கவைக்கும் மருந்து.